முட்டை தேடிப் போன வழி: நீலாங்கரை முதல் ரையோலி வரை

வெள்ளி இரவு, நீலாங்கரை

ஊர்வனவற்றின் முட்டையைப் பள்ளிக்கூடத்தில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஓடுள்ள முட்டை வந்தது, விலங்குகள் தண்ணீரை விட்டு விலகி நிலத்தில் இனம் பெருக்கின. வரி சரிதான். ஆனால் அந்த முட்டை எந்த மண்ணில், எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு ஈரத்தில், எவ்வளவு சூட்டில் கிடந்தால் பொரியும் என்று அது சொல்வதில்லை. முட்டை பாதி வேலையைத்தான் செய்கிறது, மீதியை மண் செய்கிறது என்பது என் எண்ணம். அதைக் கண்ணால் பார்க்கத்தான் இந்தப் பயணம். ஏப்ரலில் கிளம்பினால் சென்னைக் கரையில் கடலாமை, வடநெம்மேலியில் முதலை, ஒடிசாவின் ருஷிகுல்யா கரையில் ஆமைக் குஞ்சுகள், கடைசியில் குஜராத்தின் ரையோலியில் டைனோசர் முட்டை என்று ஒரே ஓட்டமாகப் பார்த்துவிடலாம். தேர்வு முடிந்த அக்கா மகளும் கூட வருகிறாள். அன்றன்று பார்த்ததை அன்றன்றே எழுதுகிறேன்.

நள்ளிரவுக்குச் சற்று முன்னால் மணலில் இறங்கினோம். மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவின் தன்னார்வலர்கள் 1988 முதல் இந்தக் கரையில் இரவு நடை நடக்கிறார்கள். அதற்கும் முன்னால், 1970களிலேயே, ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரும் கூட்டாளிகளும் இங்கே ஆமைக் கூடு தேடி நடந்தவர்கள். இங்கிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர். டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. அலை தொடும் கோட்டை ஒட்டியே நடந்தால் போதும். ஆமை ஏறியிருந்தால் அதன் தடம் குறுக்கே வந்தே தீரும்.

ஜனவரியில் தொடங்கும் பருவம் ஏப்ரலில் ஓய்ந்துவிடும், அதனால் ஆமையையே பார்ப்போம் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. தடம் கிடைத்தது. பங்குனி ஆமை. துடுப்புக் கால்கள் மாறி மாறி மணலை இழுத்த கோடுகள், ஏறியது ஒன்று, இறங்கியது ஒன்று. ஏறிய கோடு அலை எட்டும் எல்லையைத் தாண்டிக் காய்ந்த மணலுக்குள் போய் நின்றது. அங்கே மணல் வட்டமாகக் கலைந்திருந்தது. முட்டையிட்டு மூடிய பிறகு பங்குனி ஆமை உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்து மண்ணைத் தட்டி இறுக்கும். அதன் அடையாளம் அது.

குழுவில் ஒரு கல்லூரிப் பெண் குச்சியை அங்கங்கே மெதுவாக ஊன்றிப் பார்த்தார். "இங்க பாருங்கண்ணா, குச்சி லேசா இறங்குது. மத்த எடத்துல மண்ணு கெட்டியா நிக்கும்." பிறகு கையால் தோண்டினார்கள். தோள் வரை கை உள்ளே போனதும் முட்டைகள் தட்டுப்பட்டன. கூட்டின் வடிவம் பானை போல, கழுத்து குறுகி அடி அகன்று இருந்தது. பின்னங்கால்களால், திரும்பிப் பார்க்காமலே, ஆமை இதைத் தோண்டியிருக்கிறது. ஒரு கூட்டில் பெரும்பாலும் 100 முதல் 120 முட்டை வரை இருக்கும். ஒவ்வொன்றும் 4 சென்டிமீட்டர் அளவில், வெள்ளையாக, தோல் போல வளையும் ஓட்டுடன் இருந்தது. விரல் பட்டால் குழி விழுந்து நிற்கிறது.

அக்கா மகள் கேட்டாள்: "மாமா, காலம் பூரா கடல்லயே இருக்குது. முட்டைய மட்டும் ஏன் மாமா இவ்வளவு கஷ்டப்பட்டுக் கரையில வந்து போடணும்? மீன் மாதிரி தண்ணியிலயே விட்டா என்ன?"

இந்தப் பயணத்தின் மையக் கேள்வியை முதல் நாளே கேட்டுவிட்டாள். ஆமை முட்டை தண்ணீரில் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியாக ஆக்சிஜன் உள்ளே வர வேண்டும், கரியமில வாயு வெளியே போக வேண்டும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். மணல் துகள்களுக்கு இடையே காற்று இருக்கும்வரை முட்டை பிழைக்கும். அந்த இடைவெளியில் கடல்நீர் தேங்கி நின்றுவிட்டால் கரு அடங்கிப்போகும். ஆமைகளின் முன்னோர் நிலத்தில் வாழ்ந்தவை. நிலத்துக்காக அமைந்த முட்டையைச் சுமந்துகொண்டே அவை கடலுக்குள் திரும்பின. நூறு மில்லியன் ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலில் நீந்தி, கால்கள் துடுப்பாகிவிட்டன. முட்டை மட்டும் மாறவில்லை. நிலத்தில் இனம் பெருக்க வழிசெய்த அதே முட்டை, இன்று கடல் விலங்கொன்றைப் பருவம் தவறாமல் கரைக்கு இழுத்து வருகிறது.

முட்டைகளை எண்ணித் துணிப்பையில் எடுத்துவைக்கும்போது யாரும் அவற்றை உருட்டவில்லை. தாயின் வயிற்றில் இருக்கும்வரை ஆக்சிஜன் போதாமல் கரு வளர்ச்சி ஆரம்ப நிலையிலேயே நின்றிருக்கும். வெளியே வந்து காற்றுப் பட்டதும் மறுபடி தொடங்கும். சில மணி நேரத்தில் கருவும் சவ்வும் ஓட்டின் மேல்பக்க உள்சுவரில் ஒட்டத் தொடங்கும், அந்த இடம் வெளியிலிருந்து பார்த்தால் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் ஒட்டு அறுந்து கரு செத்துவிடும். கோழி தன் முட்டையைப் புரட்டிப் புரட்டி அடைகாக்கிறது, இங்கே புரட்டுவதே கொலை. எனவே தூக்கிப்போவது என்றால் அன்றிரவே, சீக்கிரமே செய்துவிட வேண்டும்.

பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே பானை வடிவத்தில் குழி தோண்டி, முட்டைகளை வைத்து மூடினார்கள். இனி 45 முதல் 60 நாள் வரை சூரியனும் மணலும்தான் அடைகாக்கும்.

சனி, வடநெம்மேலி

நேற்றிரவுத் தூக்கம் மிச்சம் இருக்க, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணைக்கு வந்து சேர்ந்தோம். 1976இல் ரோமுலஸ் விட்டேகரும் ஸாய் விட்டேகரும் தொடங்கியது. மக்கர் முதலைகள் (சதுப்புநில முதலை என்று பாடநூல்களில் வரும்) இந்தியாவில் அருகிப்போன காலத்தில், பிடித்து வளர்த்துப் பெருக்குவதற்காக அமைத்த இடம். தொட்டி ஓரத்து மணல் மேட்டில் அவை வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தன.

இந்த மாதம் முதலைக்கு முக்கியமானது. தாய் பிப்ரவரி, மார்ச்சில் பின்னங்கால்களால் குழி தோண்டி 25, 30 முட்டை இட்டு மண்ணால் மூடியிருக்கும். ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்துப் பொரியும். ஆமை இட்டதும் போய்விடுகிறது. மக்கர் முதலைத் தாய் போகாது, பக்கத்திலேயே கிடந்து காவல் காக்கும்.

முதலை முட்டையின் ஓடு கடினமானது, ஏறக்குறைய பறவை முட்டை மாதிரி. புதிதாக இட்டது முழுக்க ஒரே வெள்ளையில், ஒளி ஊடுருவும்படி இருக்கும். கரு உயிரோடு இருந்தால் ஒரு நாளுக்குள் மேல்பக்கத்தில் பால் வெள்ளைத் திட்டு ஒன்று தோன்றும். நாளாக நாளாக அது முட்டையைச் சுற்றி ஒரு பட்டையாக விரியும். கரு ஒட்டிக்கொண்ட இடத்துக்குக் கீழே வெள்ளைக்கருவின் நீர் நகர்ந்துபோவதும் சவ்வுகள் ஓட்டோடு சேர்வதும்தான் அந்தப் பட்டை. முதலைக்காரர்கள் நல்ல முட்டையைப் பிரிப்பது இதை வைத்துத்தான். பட்டை விழாத முட்டை கருக்கட்டாத முட்டை, அல்லது கரு செத்த முட்டை.

ஓட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கரு எலும்பு கட்டும்போது ஓட்டின் உட்புறத்திலிருந்து கால்சியத்தைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. குஞ்சு வளர வளர ஓடு உள்ளிருந்தே மெலியும். வெளியே மண்ணின் ஈரமும் நுண்ணுயிர்களும் அதை அரிக்கும். பொரியும் நாளுக்குள் ஓடு உடைவதற்கு ஏற்றபடி நலிந்திருக்கும்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய விஷயம், சூடு. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முதலைகளில் குரோமோசோம் முடிவு செய்வதில்லை, குழியின் வெப்பம் முடிவு செய்கிறது. இப்படி நடக்கும் என்று முதலில் காட்டியவர் மடலீன் ஷார்னியே, 1966இல், ஆப்பிரிக்க அகாமா ஓணான்களில். மக்கர் முதலையில் இதைக் கண்டறிந்த ஆய்வு இந்தப் பண்ணையைச் சேர்ந்தது, 1989இல் வெளியானது. 31 டிகிரியும் அதற்குக் கீழேயும் பெண். 32.5 டிகிரியை ஒட்டி ஆண். அதற்கும் மேலே போனால் மறுபடி கலப்பு. ஒன்றரை டிகிரிதான் இடைவெளி. குழி ஒரு சாண் கூடுதல் ஆழமாக இருந்தாலோ, மரநிழல் பட்டாலோ, ஒரு மழை பெய்தாலோ அவ்வளவு மாறிவிடும். தாய் இடம் தேர்ந்து தோண்டும்போதே தன் பிள்ளைகள் ஆணா பெண்ணா என்பதன் பெரும்பகுதியைத் தேர்ந்துவிடுகிறது. பிறப்பின் இவ்வளவு பெரிய விஷயத்தை மண்ணின் கையில் விட்டுவைத்திருப்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

பொரிக்கும் நேரத்தில் குஞ்சுகள் ஓட்டுக்குள் இருந்தே குரல் கொடுக்கும். அந்தச் சத்தம் கேட்டுத் தாய் வந்து மண்ணைப் பறிக்கும். வெளிவர முடியாத குஞ்சை முட்டையோடு வாயில் எடுத்து, நாக்குக்கும் அண்ணத்துக்கும் இடையே மெல்ல உருட்டி ஓட்டை உடைத்துவிடும். பிறகு வாயிலேயே சுமந்து தண்ணீருக்குக் கொண்டுபோகும். மக்கர் முதலையில் ஆணும் குஞ்சுகளைச் சுமப்பதை இந்தப் பண்ணையில்தான் பதிவு செய்தார்கள். நாங்கள் வந்த நேரம் பொரிக்கும் நேரம் அல்ல, அதைப் பார்க்க இன்னும் சில வாரம் வேண்டும். அக்கா மகள் மட்டும் ஒரு மணல் மேட்டருகே காதைத் தீட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

ஞாயிறு, ரயிலில், பிரம்மபூர் நோக்கி

பகல் முழுக்க ஆந்திரக் கரையோடு ரயில் போகிறது. கோதாவரிப் பாலம் தாண்டினோம். பார்க்க வேறொன்றும் இல்லாத நாள், ஆகவே முட்டைக்குள் என்ன இருக்கிறது என்று எழுதிவிடுகிறேன்.

தவளையிலிருந்து தொடங்குவது நல்லது. தவளை முட்டையில் ஓடு கிடையாது, கொழகொழப்பான உறைதான். தண்ணீரை விட்டு எடுத்தால் காய்ந்துவிடும். அதற்காகத் தவளைகள் சும்மா இருந்துவிடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மலபார் பறக்கும் தவளை, குட்டைக்கு மேலே தொங்கும் கிளையில் நுரைக் கூடு கட்டி அதற்குள் முட்டையிடும், தலைப்பிரட்டைகள் பின்னர் தண்ணீரில் விழும். அதே மலைகளின் சின்னப் புதர்த் தவளைகள் இன்னும் ஒரு படி மேலே. தலைப்பிரட்டையே இல்லாமல், ஈர இலையில் இட்ட முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை வெளிவரும். நிலத்தில் முட்டையிட ஓடு கட்டாயம் என்பதில்லை, ஈரம் கட்டாயம். ஆனால் இந்த வழியில் முட்டை பெரிதாக முடியாது. பெரிதானால் கொழகொழப்பு உறையும் தடிக்கும், நடுவிலிருக்கும் கருவுக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. முட்டை சிறியது என்றால் உணவும் குறைவு, குஞ்சும் சிறியது.

ஊர்வன முட்டை இந்த முட்டுக்கட்டையை உடைத்தது. அதை உடைத்தது ஓடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உடைத்தவை உள்ளே இருக்கும் சவ்வுகள். கருவைச் சுற்றி நீர் நிறைந்த பனிக்குடம். கரு அதற்குள் மிதக்கும், காயாது, நசுங்காது. மஞ்சள் கருவைச் சுற்றி இரத்தக்குழாய் ஓடும் ஒரு பை, உணவு வருவது அது வழியாக. கழிவைச் சேர்த்துவைக்க அல்லன்டாயிஸ் என்ற பை. எல்லாவற்றையும் வெளியே சுற்றி நிற்கும் கோரியான் என்ற சவ்வு. அல்லன்டாயிஸ் பெருத்துக்கொண்டே போய்க் கோரியானுடன் ஒட்டி, ஓட்டின் உள்சுவர் முழுக்க இரத்தக்குழாய் வலையாகப் படர்ந்துவிடும். கருவுக்கு நுரையீரல் வேலை செய்யத் தொடங்கும்வரை அந்த வலைதான் மூச்சு. முட்டை எவ்வளவு பெரிதானாலும் ஆக்சிஜனைக் கருவுக்கு எடுத்துவர இரத்தம் ஓடுகிறது, வெறும் பரவலை நம்பிக் கிடக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் முழு முட்டையிலும் அரிய கண்டுபிடிப்பு இதுதான், இதைப் பற்றித்தான் ஆகக் குறைவாகப் பேசுகிறோம்.

கழிவு விஷயமும் சின்னதல்ல. மீன் கருவும் தலைப்பிரட்டையும் அம்மோனியாவாக வெளியேற்றும். அது நஞ்சு, சுற்றியுள்ள தண்ணீர் கரைத்துக்கொண்டு போய்விடும். மூடிய முட்டைக்குள் அப்படி விட்டால் கரு தன் கழிவாலேயே சாகும். பறவைகளும் ஊர்வனவற்றில் பலவும் அதை யூரிக் அமிலமாக மாற்றுகின்றன. தண்ணீரில் கரையாத படிகம், ஒரு மூலையில் கேடு செய்யாமல் கிடக்கும்.

இன்னொன்று. ஓடு மூடிய பிறகு விந்து உள்ளே போக முடியாது. தவளை தண்ணீரில் முட்டையை விட, ஆண் அதன் மேல் விந்தை விடும். ஊர்வனவற்றில் கருவுறுதல் தாயின் உடலுக்குள்ளேயே நடந்தாக வேண்டும், அதற்குப் பிறகே ஓடு போர்த்தப்படும். ஆக முட்டை மாறியதோடு சேர்ந்து புணர்ச்சியும் மாறியது.

இதெல்லாம் எப்போது நடந்தது? கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஜாகின்ஸ் கடற்பாறைகளில் கிடைத்த ஹைலோனோமஸ் என்ற பல்லி போன்ற விலங்குதான் நெடுங்காலம் மிகப் பழைய ஊர்வனவாகச் சொல்லப்பட்டது. 31 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது, உள்ளே குழிந்த மரக்கட்டைகளுக்குள் அகப்பட்டது. 2025இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 35 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பாறையில் நகம் பதிந்த கால்தடங்கள் கிடைத்ததாக அறிவித்தார்கள். நகம் ஊர்வனக் குடும்பத்தின் அடையாளம். அப்படியானால் கதை சில கோடி ஆண்டு பின்னால் போகிறது. ஆனால் அந்தக் காலத்து முட்டை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மென்தோல் முட்டை பாறையாகாமல் மட்கிவிடும். முதலில் வந்தவை முட்டையை நெடுநாள் வயிற்றிலேயே வைத்திருந்தன, சவ்வுகள் அங்கேதான் உருவாயின என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். நான் இந்த வாதத்தின் பக்கம் சாய்கிறேன். பல்லியிலும் பாம்பிலும் குட்டிபோடும் வழக்கம் நூறு தடவைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. வயிற்றில் வைத்திருப்பது அந்தக் கூட்டத்துக்கு எப்போதும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்திருக்கிறது.

செவ்வாய் விடியல், ருஷிகுல்யா

நேற்று வந்து சேர்ந்து இடம் பார்த்ததோடு சரி. இன்று விடியற்காலை மூன்று மணிக்கே கரையில் இருந்தோம்.

கஞ்சம் மாவட்டத்தில் ருஷிகுல்யா ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு வடக்கே நீளும் மணல் இது. பங்குனி ஆமைகள் இங்கே ஒன்றிரண்டாக வருவதில்லை, சில இரவுகளுக்குள் லட்சக்கணக்கில் ஏறும். இதேபோல் ஆமைகள் கூட்டமாக ஏறும் ஒடிசாவின் கஹிர்மாதா கரையை 1974இல் ஆய்வாளர் ராபர்ட் பஸ்டர்ட் உலகுக்குச் சொன்னார். இந்த ருஷிகுல்யாவை 1994இல் ஆய்வாளர் பிவாஷ் பாண்டவ் கண்டறிந்தார். ஊர்க்காரர்களுக்கு முன்பே தெரிந்த கரைதான். புருணாபந்தா, கோக்கர்குடா, பொடம்பேட்டா கிராமத்து இளைஞர்கள் அப்போதிருந்து காவலில் இருக்கிறார்கள்.

மணல் முதலில் அங்கங்கே குழிந்தது. அதுதான் அறிகுறி. ஓட்டை உடைத்த குஞ்சுகள் உடனே மேலே வருவதில்லை. மூக்கு நுனியில் உள்ள சின்ன முள்ளால் ஓட்டைக் கிழித்து, பிறகு சில நாள் எல்லாமுமாகச் சேர்ந்து மேல் மண்ணைச் சுரண்டும். மண் கீழே சரியும், அதன் மேல் ஏறி நின்று மறுபடி சுரண்டும். தனியாக ஒரு குஞ்சால் அரை மீட்டர் மணலைத் தாண்டுவது கடினம். மேற்பரப்பை நெருங்கியதும் மணல் சுட்டால் நின்றுவிடும், குளிர்ந்தால் கிளம்பும். அதனால்தான் இரவு.

அப்புறம் ஒரு குழியில் கறுப்பாக ஒரு தலை தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. சில நிமிடத்தில் அந்தக் குழி முழுக்கக் குஞ்சுகள் பொங்கி வழிந்தன. அதற்கு அப்பால் இன்னொரு குழி, அதற்கும் அப்பால் இன்னொன்று. வெளிச்சம் வரும்போது கண்ணுக்கெட்டிய தூரம் மணல் நகர்ந்தது. காலை எடுத்து வைக்க இடமில்லாமல் நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். அவள் அழுதாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மேலே வந்தவற்றைப் பார்ப்பதோடு நில்லாமல் கீழே இருந்த 50 நாளையும் நினைக்க வேண்டும். இடும்போது குழி விழுந்த அந்தத் தோல் முட்டை, மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சி உப்பி இறுகியிருக்கும். தாய் முட்டைக்குள் வைத்துக் கொடுத்த தண்ணீரோடு மண்ணின் தண்ணீரும் சேர்ந்துதான் குஞ்சு ஆகிறது. நூறு கருவும் சேர்ந்து மூச்சு விடுவதால் கடைசி வாரங்களில் கூட்டுக்குள் ஆக்சிஜன் குறையும், கரியமில வாயு கூடும், சூடும் சுற்றியுள்ள மணலைவிட ஓரிரு டிகிரி ஏறும். பெரிய துகள் மணலாக இருந்தால் காற்று நன்றாக நுழையும், ஆனால் ஈரம் நிற்காது. களிமண் கலந்தால் ஈரம் நிற்கும், காற்று நுழையாது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் மணல்தான் ஆமைக் கரை. பங்குனி ஆமையில் 29, 30 டிகிரிக்கு மேல் போகப் போகப் பெண் கூடும், கீழே போனால் ஆண். முதலையோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறையத் தலைகீழ். 35ஐத் தாண்டி நீடித்தால் கருக்கள் பிழைப்பது அரிது. பூமி சூடேறும் இந்தக் காலத்தில் இந்த எண்கள் எனக்குக் கவலை தருகின்றன.

எல்லாம் பொரிந்ததாக நினைக்க வேண்டாம். கரையெங்கும் காய்ந்த ஓடுகள். முதலில் வந்த ஆமை இட்ட முட்டையைப் பின்னால் வந்தது அறியாமல் தோண்டி வெளியே தள்ளிவிடும். உடைந்தவை மண்ணில் அழுகி, நல்ல கூட்டின் காற்றையும் கெடுக்கும். ஆற்று முகத்துவாரம் இடம் மாற, கடல் கரையை அரித்துச் சில கூடுகளை அப்படியே இழுத்துக்கொண்டது. அலை வந்து போன இடத்தில் ஈர மணலோடு கிடந்த முட்டை ஒன்றை ஊர்ப் பெரியவர் கிழித்துக் காட்டினார். உள்ளே முழுதாக உருவான குஞ்சு, அசைவில்லை. நீலாங்கரையில் அவள் கேட்ட கேள்விக்கு அந்த முட்டையே போதுமான பதில்.

குஞ்சு வெளிச்சமான அடிவானத்தைப் பார்த்து ஓடும். இருட்டான கரையில் அது கடல். ஊர் விளக்கும் சாலை விளக்கும் எரியும் கரையில் அது நிலம். அதனால் கரையோரம் வலை கட்டி, திசை மாறியவற்றைப் பொறுக்கிக் கடலருகே விடுகிறார்கள். நாங்களும் விடிந்து வெயில் ஏறும்வரை பொறுக்கினோம்.

தாய் ஆமையும் முட்டை மாதிரியே காற்றை நம்பிய உயிர். வலைக்குள் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சு முட்டிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியவை நிறையவும் இப்படிப் போனவைதான். இழுவலையில் ஆமை தப்பிக்க வழிவிடும் கருவி உண்டு. அதைக் கட்டாயமாக மாட்ட வைக்க வேண்டும்.

வியாழன், மறுபடி ரயிலில்

மேற்கே நீண்ட பயணம், சுருக்கமாக எழுதுகிறேன். கடலுக்குத் திரும்பிய மற்ற ஊர்வன என்ன செய்தன என்று அவள் கேட்டாள். பெரும்பாலான கடல் பாம்புகள் முட்டையைக் கைவிட்டுக் குட்டி போடுகின்றன, கரைக்கே வர வேண்டாம். அந்தமானில் உள்ள வரிக் கடல் பாம்புகளான லாட்டிகாடா இன்னும் கரையேறி முட்டையிடுகின்றன. அழிந்துபோன இக்தியோசார்கள் வயிற்றில் குட்டிகளோடு புதைபடிவமாகக் கிடைத்திருக்கின்றன. ஆமையும் முதலையும் மட்டும் இந்த வழிக்கு வரவே இல்லை. காற்றுப் படும்வரை கரு வளராமல் நின்றுவிடுவது ஆமையைத் தடுத்திருக்கலாம் என்கிறார்கள்.

தகுந்த மண் அமையாத மழைக்காட்டில் ராஜநாகம் செய்வதும் சொல்லத்தக்கது. பெண் பாம்பு உடம்பாலேயே சருகைக் கூட்டிக் குவித்து, நடுவில் முட்டையிட்டு, மேலே சுருண்டு கிடக்கும். கூடு கட்டும் ஒரே பாம்பு அது. மட்கும் இலை சூட்டையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும், கொட்டும் மழையை மேலடுக்கு வழியவிடும். 2024இல் ராஜநாகத்தை நான்கு இனங்களாகப் பிரித்தார்கள், மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதற்குக் காளிங்கா என்று பெயர்.

சனி, ரையோலி

வெயில் தாங்க முடியவில்லை. மகிசாகர் மாவட்டம் பாலாசினோர் பக்கம் ரையோலி. 1980களின் தொடக்கத்தில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் இங்கே எலும்பும் முட்டையும் கண்டார்கள். ராஜாசாரஸ் என்று 2003இல் பெயர் பெற்ற இரைகொல்லியின் எலும்புகள் இந்த மண்ணிலிருந்து வந்தவை. அருங்காட்சியகம் 2019இல் திறந்தது.

வெளியே வேலிக்குள் பாறையில் முட்டைகள் பதிந்தபடியே இருக்கின்றன. வட்டம் வட்டமாக, 15 சென்டிமீட்டருக்கு மேல் குறுக்களவில், சில உடைந்து ஓட்டின் விளிம்பு கறுத்த கோடாகத் தெரிகிறது. டைட்டனோசார் வகை, நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணிகள் இட்டவை. வயது 6.6 கோடி ஆண்டுக்குச் சற்று மேல். அவ்வளவு பெரிய விலங்குக்கு முட்டை மட்டும் ஏன் இத்தனை சிறியது என்று இங்கே வருபவர்கள் கேட்பார்கள். முட்டை பெரிதாக ஆக அதைத் தாங்க ஓடு தடிக்க வேண்டும். தடித்தால் காற்று நுழைவதும் குஞ்சு உடைத்து வெளிவருவதும் கடினம். யானைப் பருமன் உள்ள முட்டை உலகில் இருந்ததே இல்லை.

இந்த ஓடுகளை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் ஒரு விஷயம் சொல்கிறார்கள். துளைகள் அதிகம். திறந்த வெளியில் கிடந்தால் இத்தனை துளை வழியாக முட்டை சீக்கிரமே காய்ந்துபோயிருக்கும். ஆகவே தாய் குழி தோண்டி இட்டு மூடியிருக்கிறது. மண்ணுக்குள் ஈரம் உண்டு, காற்று குறைவு, துளை அதிகம் இருந்தால்தான் மூச்சு வரும். நீலாங்கரையில் தோள் வரை கை விட்டு எடுத்த கூட்டின் கணக்கு இங்கே கல்லில் இருக்கிறது. ஓட்டை மட்டும் வைத்து, எப்போதோ கரைந்துபோன அந்த மண்ணைப் பற்றிப் பேச முடிகிறது.

ஆதி டைனோசர்களின் முட்டை தோல் முட்டைதான், கடின ஓடு பின்னால் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாக வந்தது என்று 2020இல் ஓர் ஆய்வு சொன்னது. தோல் முட்டையை ஈர மண்ணில் புதைத்தாக வேண்டும். மேலே உட்கார்ந்து அடைகாக்க முடியாது, நசுங்கிவிடும். கடின ஓடு வந்த பிறகே பறவைக் கூட்டம் முட்டையை மண்ணிலிருந்து வெளியே எடுத்துத் தன் உடல் சூட்டில் வைக்க முடிந்தது. மண் செய்த வேலையைத் தாயின் உடம்பு ஏற்றுக்கொண்டது அங்கேதான்.

மண்ணில் விட்டுப்போன முட்டைக்கு ஆபத்தும் அன்றே இருந்தது. குஜராத்தின் தோலி துங்ரியில் புதைபடிவ ஆய்வாளர் தனஞ்சய் மொஹபே 1980களில் எடுத்த கல்லொன்றில் முட்டையும் குட்டி டைனோசரின் எலும்பும் இருந்தன. 2001இல் இன்னொரு ஆய்வாளர் ஜெஃப் வில்சன் அதை மறுபடி பார்த்தபோது உடன் கிடந்தது ஒரு பாம்பின் முதுகெலும்பு என்று தெரிந்தது. மூன்றரை மீட்டர் நீளப் பாம்பு உடைந்த முட்டையைச் சுற்றிச் சுருண்டிருக்க, பக்கத்தில் அரை மீட்டர் நீளக் குஞ்சு. பாம்புக்குச் சனாஜே என்று பெயரிட்டு 2010இல் வெளியிட்டார்கள். திடீரென்று சரிந்த மணல் மூன்றையும் அப்படியே மூடியிருக்கிறது. முட்டை பொரியும் நேரத்துக்காகப் பாம்பு கூட்டுப் பக்கமே திரிந்திருக்க வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில், நர்மதைப் பள்ளத்தாக்கில், 92 கூடுகளும் 256 முட்டைகளும் கண்டதாக 2023இல் அறிவித்தார்கள். பத்லியா ஊருக்கு அருகே முட்டைக்குள் முட்டை இருந்த ஒன்றும் கிடைத்திருக்கிறது. பறவைகளில் அறியப்பட்ட அந்தக் கோளாறு டைனோசரிலும் இருந்திருக்கிறது. இங்கிருந்து அங்கே போகலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். இந்த வெயிலில் வேண்டாம். குளிர்காலத்தில் அவள் விடுமுறையைப் பார்த்துக் கிளம்ப வேண்டும்.